அன்பா, ராஜனா, டான்சிங் ரோஸா? வடசென்னை கதாபாத்திரங்களுக்காக ரசிகர்கள் மோதுவது ஏன்? எல்லை எங்கே?

2025 அக்டோபரில் வெற்றிமாறன் இயக்கும் 'அரசன்' படத்தின் ப்ரோமோ வெளியானது. நாயகன் சிலம்பரசன். கதை நடப்பது 'வடசென்னை' படத்தின் அதே உலகத்தில். ப்ரோமோ வந்த கையோடு சண்டையும் வந்துவிட்டது. சிம்பு ரசிகர்கள் ஒரு பக்கம், தனுஷ் ரசிகர்கள் ஒரு பக்கம். இது எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

ஆனா கமெண்ட்டுகளைக் கொஞ்சம் பொறுமையா கீழே தள்ளிப் படிச்சா, உள்ளே வேற ஒரு சண்டை ஓடுவது தெரியும். அங்கே நடிகர் பெயரே அதிகம் வராது. அன்பு பெரிய ஆளா, ராஜன் பெரிய ஆளா? சந்திரா செஞ்சது சரியா? பத்மாவை ஏன் யாரும் பேசுறதில்ல? 2018-ல் வந்த படம். ஏழு வருஷம் கழிச்சும் ஆறாத சண்டை.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று இந்தக் கதைகள் நடக்கும் இடத்தில் வசிப்பவர்களுக்கு இந்தச் சண்டை வேறு மாதிரி கேட்கிறது. மற்றவர்களுக்கு அன்பும் ராஜனும் கதாபாத்திரம். இவர்களுக்கு அது பக்கத்துத் தெரு. அதனால்தான் ஒரு முறை விஷயம் வீதிக்கே வந்தது. என்ன நடந்தது, ரசிகர்களுக்குள் எழுதப்படாத விதிகள் என்னென்ன, அவை எங்கே உடைகின்றன? பார்க்கலாம்.

(படம் பார்க்காதவங்க கவனிக்க: கீழே 'வடசென்னை', 'சார்பட்டா பரம்பரை', 'மெட்ராஸ்' மூன்று படங்களின் கதையும் வரும்.)

நடிகருக்காகச் சண்டையா, கதாபாத்திரத்துக்காகச் சண்டையா?

தமிழ்நாட்டுக்கு ரசிகர் சண்டை புதுசு இல்லை. 1954-ல் வந்த 'கூண்டுக்கிளி'தான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம். இரண்டு தரப்பு ரசிகர்களும் ஒரே தியேட்டரில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் படமே பாடம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து நடிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் நடிகரும் கதாபாத்திரமும் ஒன்றுதான். 1962-ல் வந்த 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆரின் கதாபாத்திரம் இறந்துபோகும். ரசிகர்களால் அதைச் செரிக்க முடியவில்லை. செத்தது கதையில் வரும் ஆள் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. 'வாத்தியார்' செத்ததாகத்தான் பார்த்தார்கள். பெரும்பாலும் குடிக்காத, புகைபிடிக்காத நாயகனாகவே அவர் திரையில் இருந்ததற்கு இந்த எதிர்பார்ப்பும் ஒரு காரணம்.

இப்போதைய தலைமுறையில் ஒரு பகுதி அப்படியில்லை. ஆர்யாவின் ரசிகரா என்று கேட்டால் இல்லை என்பார்; ஆனால் கபிலனுக்காக ராத்திரி ரெண்டு மணி வரை வாதாடுவார். நடிகரைத் தாண்டி கதாபாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் இந்த ரசனை கொரியத் தொடர்கள், ஜப்பானிய அனிமே, ஹாரி பாட்டர், மார்வெல் படங்கள் வழியாக செல்போனுக்குள் வந்து, நம்ம ஊர்ப் படங்களுக்கும் பரவியது. அதோடு கூடவே வந்த ஒரு வார்த்தை 'ஷிப்பிங்'.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் 'ஷிப்பிங்' என்றால் கன்டெய்னர் லாரிதான் ஞாபகத்துக்கு வரும். இது அது இல்லை. இரண்டு கதாபாத்திரங்களை ஜோடியாக வைத்து ரசிப்பது, அவர்கள் சேரணும்னு ஆசைப்படுவது, அவர்களுக்காக வீடியோ எடிட் போடுவது, கதை எழுதுவது எல்லாம் சேர்ந்துதான் ஷிப்பிங். 'ரிலேஷன்ஷிப்' என்ற சொல்லின் வாலை வெட்டி எடுத்தது. 1990-களில் 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ரசிகர்கள் மத்தியில் புழக்கத்துக்கு வந்தது. பெயர்தான் புதுசு. சிவாஜி-பத்மினி, ஜெமினி-சாவித்திரி, எம்.ஜி.ஆர்-சரோஜாதேவி என்று ஜோடிக்காகவே டிக்கெட் எடுத்த ஊர் நம்ம ஊர்.

அன்பா, ராஜனா?

இப்போது 'வடசென்னை'க்கு வருவோம். 2018 அக்டோபர் 17-ல் வெளியான படம். தனுஷ் நடித்த அன்பு, கேரம் ஆடுகிற பையன். விளையாட்டைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று இருப்பவன், இரண்டு கும்பல்களுக்கு நடுவில் சிக்கிக் கத்தி எடுக்கிறான். அமீர் நடித்த ராஜன், கடத்தல் செய்தாலும் ஊருக்காக நிற்கிறவர். குப்பத்தை அப்புறப்படுத்த வரும் திட்டத்தை எதிர்ப்பவர். கூட இருந்த குணா, செந்தில், வேலு, பழனி நான்கு பேருமே சேர்ந்து அவரை வெட்டிக் கொல்கிறார்கள். ராஜனின் மனைவி சந்திரா, அதாவது ஆண்ட்ரியா, அந்தப் பழியை வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்து காய் நகர்த்துகிறார். கொன்றவர்களில் ஒருவரான குணாவையே கல்யாணமும் செய்துகொள்கிறார்.

ராஜன் திரையில் வரும் நேரம் குறைவு. ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்களில் பலர் பேசியது ராஜனைப் பற்றித்தான். ராஜன் கதையை மட்டும் தனியாக எடுங்கள் என்ற கோரிக்கை அப்போதே தொடங்கியது. 'ராஜன் வகையறா' என்ற பெயரில் அந்தக் கதை வரும் என்ற பேச்சும் வருஷக்கணக்காக ஓடியது.

ராஜன் கட்சியின் வாதம் எளிமையானது: ஊருக்காக முதலில் எழுந்து நின்றவர் ராஜன், கடைசிக் காட்சியில் அன்பு பேசுவது ராஜன் ஏற்கெனவே பேசியதைத்தான். அன்பு கட்சி இதைத் திருப்பிப் போடும்: ராஜன் பிறவித் தலைவர், அவருக்கு அது சுலபம்; அன்புவோ எதுவும் வேண்டாம் என்று ஒதுங்கியவன், பயந்தவன், தப்பு செய்தவன், அப்புறம்தான் எழுகிறான். படத்தின் முடிவில் அடுத்த பாகத்துக்கு வைத்த தலைப்பே 'அன்புவின் எழுச்சி'தானே என்பார்கள்.

இரண்டுமே படத்தைக் கவனித்துப் பார்த்தவர்களின் வாதம். 'ஊருக்குத் தலைவன் பிறக்கிறானா, உருவாகிறானா' என்பதுதான் அடியில் இருக்கும் கேள்வி. இப்படி ஒரு விவாதம் எந்தப் படத்துக்குக் கிடைத்தாலும் நல்லதுதான்.

ஜோடி விஷயத்தில்தான் சிக்கல் கூடும். ராஜன்-சந்திரா ஜோடிக்கு இருக்கும் ரசிகர் கூட்டம் அன்பு-பத்மா ஜோடிக்குக் கிடையாது. இத்தனைக்கும் ஐஸ்வர்யா ராஜேஷின் பத்மா படம் முழுக்க இருக்கிறார். பத்மா வாய்க்கு வந்தபடி திட்டுகிறார், அது முகம் சுளிக்க வைக்கிறது என்று ஒரு தரப்பு. எங்க வீட்டுப் பொண்ணுங்க கோபம் வந்தா இப்படித்தான் பேசும், இதுல என்ன அசிங்கம் என்று இன்னொரு தரப்பு. சந்திராவை 'ராணி' என்று கொண்டாடுபவர்களில் சிலரே பத்மாவைப் 'பஜாரி' என்று எழுதியதையும் பார்த்தோம். ரெண்டு பேருமே ஒரே குப்பத்துப் பெண்கள். ஒருத்தி மெதுவாகப் பேசுகிறாள், ஒருத்தி சத்தமாகப் பேசுகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்கு எந்தக் கதாபாத்திரம் பிடிக்கிறது என்பதில் படத்தை விடப் பார்ப்பவரின் சொந்தக் கணக்குதான் சில நேரம் அதிகம் தெரிகிறது.

அந்தப் படகுக் காட்சி

ராஜன்-சந்திரா ஜோடியை ரசிகர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான் எதிர்ப்பு கிளம்பியது. படத்தில் இருவருக்கும் கல்யாணமான பிறகு படகில் ஒரு நெருக்கமான காட்சி வரும். வடசென்னை மீனவர்கள் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. எங்கள் வாழ்க்கையைத் தவறாகக் காட்டிவிட்டார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

கோடம்பாக்கத்திலோ கோயம்புத்தூரிலோ இருந்து பார்த்த ரசிகருக்கு இது புரியவில்லை. 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம், கல்யாணமான ஜோடி, கடல், நிலா. இதுல என்ன தப்பு?

படகு என்பது ஒரு மீனவக் குடும்பத்துக்கு என்ன என்று தெரிந்தால்தான் இது புரியும். புதுப் படகைப் பூஜை போட்டு, பூ சுற்றி, பொட்டு வைத்துத்தான் கடலில் இறக்குவார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பாதிரியார் வந்து மந்திரிப்பார். சாமி பெயரோ, மாதா பெயரோ, வீட்டில் மூத்தவர் பெயரோ எழுதியிருக்கும். கடலுக்குள் போனவரை உயிரோடு கரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அந்தப் பலகைதான். கடனும் அதன் மேல்தான் இருக்கும், சோறும் அதிலிருந்துதான் வரும். நம்ம வீட்டுப் பூஜையறையில் அந்தக் காட்சியை எடுத்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் ஓரளவு புரியும்.

இன்னொன்றும் உண்டு. ராயபுரம் மக்கள் திரையில் தங்களைப் பார்ப்பது பெரும்பாலும் கத்தியோடுதான். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்து. அதைப் பற்றி எத்தனை படம் வந்திருக்கிறது? 'வடசென்னை'யின் அன்பு கேரம் போர்டை விட்டுக் கத்தியைப் பிடிக்கிறான். நிஜத்தில், புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக்கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். கடலும் அப்படித்தான். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது, வலையோடு சேர்ந்து பிழைப்பும் போனது. படகு செய்தியில் வந்தது அப்போதெல்லாம் தான். சினிமாவில் வரும்போது அது முதலிரவு அறையாக வந்தால் கோபம் வராதா?

வெற்றிமாறன் என்ன செய்தார்? வீடியோ வெளியிட்டார். வடசென்னை மக்களைப் புண்படுத்துவது நோக்கமில்லை என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். அந்தக் காட்சியை நீக்குவதாகவும் உறுதி சொன்னார். ரிலீஸான படத்தில் ஒரு காட்சியை எடுக்க வேண்டுமென்றால் தணிக்கைக் குழுவிடம் மறுபடி போக வேண்டும். அதற்குக் கொஞ்சம் நாளாகும் என்றும் விளக்கினார்.

ரசிகர்களில் ஒரு பகுதி இதை ஏற்கவில்லை. இன்றைக்கு மீனவர்கள் கேட்டதும் வெட்டினால், நாளைக்கு யார் கேட்டாலும் வெட்ட வேண்டி வராதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. நம்மைக் கேட்டால், மன்னிப்பு சரி, கத்தரிக்கோல் தேவையா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் அந்த விவாதத்தில் சில ரசிகர்கள் பேசிய விதம்தான் மோசம். எதிர்ப்பு சொன்னவர்களைப் 'படம் பார்க்கத் தெரியாதவங்க' என்றார்கள். ராஜனும் சந்திராவும் யாருடைய வாழ்க்கையிலிருந்து எடுக்கப்பட்டார்களோ, அந்த மக்களைப் பார்த்தே இப்படிச் சொன்னார்கள். குப்பத்துக்காக உயிரைக் கொடுத்த ராஜனுக்கு விசில் அடித்துவிட்டு, அதே குப்பத்துக்காரர் வாய் திறந்தால் கேலி செய்வதை ராஜன் ரசிகர் என்ற கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

ஒரே ஒரு ஃபைட், ஊரே ரோஸ் பக்கம்

2021 ஜூலை 22. ஊரடங்கு நேரம். பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' அமேசான் பிரைமில் வெளியானது. 1970-களின் வடசென்னை, ஆங்கிலக் குத்துச்சண்டை, சார்பட்டா பரம்பரைக்கும் இடியாப்ப நாயக்கர் பரம்பரைக்கும் நடக்கும் போட்டி. கபிலனாக ஆர்யா, ரங்கன் வாத்தியாராகப் பசுபதி, மாரியம்மாவாகத் துஷாரா விஜயன்.

படம் பார்த்த கூட்டம் யாரும் எதிர்பார்க்காத ஆளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது. டான்சிங் ரோஸ். எதிரணி ஆள். ஷபீர் கல்லரக்கல் நடித்தது. ஆடிக்கொண்டே ரிங்குக்குள் வருவார், கையைத் தொங்கப் போட்டுக்கொண்டே அடியைத் தவிர்ப்பார். பிரிட்டன் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் சாயல் அப்படியே இருக்கும். ஹீரோவிடம் தோற்கிறார். ஆனால் அந்த ஒரே ஃபைட்டுக்குப் பிறகு மீம், டி-ஷர்ட், ஃபேன் எடிட் எல்லாவற்றிலும் ரோஸ்தான்.

கபிலன் ரசிகர்களுக்குக் கோபம். ஜெயித்தவன் இங்கே இருக்க, தோற்றவனைக் கொண்டாடுவீங்களா? அடிமட்டத்திலிருந்து வந்து, அவமானப்பட்டு, குடியில் விழுந்து, எழுந்து நிற்பவன் கபிலன். இந்தப் படத்தின் அரசியலே அவன் உடம்பில்தான் இருக்கிறது. அவனை விட்டுவிட்டு ஸ்டைலுக்குக் கை தட்டுவது படத்தைப் புரிந்துகொள்ளாதது என்பது அவர்கள் வாதம். ரோஸ் ரசிகர்கள் பதிலுக்கு ஒரு விஷயத்தைக் காட்டுவார்கள். தோற்ற பிறகு ரோஸ் வன்மம் பாராட்டுவதில்லை. கபிலன் சாதாரண ஆள் இல்லை என்று தன் தரப்பு வேம்புலியிடமே எச்சரிக்கிறார். திறமை எங்கே இருந்தாலும் ஒத்துக்கொள்ளும் அந்தக் குணத்துக்குத்தான் கைதட்டல் என்பார்கள்.

பரம்பரைக் குத்துச்சண்டையில் வாத்தியார் மரியாதை பெரிய விஷயம். ரிங்குக்குள் என்ன அடித்துக்கொண்டாலும் இறங்கிய பிறகு எதிரணி வாத்தியாருக்கும் வணக்கம் வைக்கிற மரபு. அந்தப் படத்தின் ரசிகர்கள் ரிங்குக்கு வெளியே ஒருத்தரையொருத்தர் சாதி சொல்லித் திட்டிக்கொண்டதுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லிவிட்டோமே தவிர, அது வேடிக்கையே இல்லை. கபிலனைப் பிடிக்கவில்லை என்றால் 'நீ இன்ன சாதியா' என்று கேட்பதும், கபிலனைப் பிடிக்கும் என்றால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பதும் நடந்தது.

ஜோடி விஷயத்துக்கு வந்தால், கபிலன்-மாரியம்மாவுக்கு நல்ல ஆதரவு. புருஷன் வழி தவறும்போது அழுதுகொண்டு மூலையில் உட்காராமல் சட்டையைப் பிடித்துக் கேட்கிற மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு மாரியம்மாவுக்குக் கபிலனைச் சுற்றுவதைத் தவிர வேறு வாழ்க்கையே இல்லையா என்ற விமர்சனமும் வந்தது. விமர்சித்தவர்களை 'ஜோடியைப் பிரிக்க வந்தவங்க' என்று பாய்ந்தவர்களும் உண்டு. ஒரு கதாபாத்திரம் சரியாக எழுதப்படவில்லை என்று சொல்வதும், அந்தக் கதாபாத்திரத்தை வெறுப்பதும் ஒன்றில்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை விட்டதால் வந்த சண்டைகள்தான் ஏராளம்.

இதே ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014-ல் வந்தபோதும் இப்படி ஒன்று நடந்தது. கார்த்தி-கேத்தரின் தெரசா தான் முதன்மை ஜோடி. பலர் மனசில் நின்றதோ கலையரசனும் ரித்விகாவும் நடித்த அன்பு-மேரி ஜோடி. (ஆமா, அங்கேயும் ஓர் அன்பு. வியாசர்பாடி அன்பு வேறு, 'வடசென்னை' அன்பு வேறு. பேசும்போது எந்த அன்பு என்று சொல்லிவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.)

அரசியல்வாதியும் ரசிகர்தான்

'சார்பட்டா' வந்த சில நாளில் ராயபுரத்திலிருந்தே ஒரு குரல் வந்தது. அதிமுக முன்னாள் அமைச்சர் டி.ஜெயக்குமார், பல முறை ராயபுரம் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். படத்தில் எம்.ஜி.ஆரை மறைத்துவிட்டார்கள், திமுக பிரசாரம் செய்கிறார்கள் என்று கண்டித்தார். கதை நெருக்கடி நிலைக் காலத்தில் நடக்கிறது; 1976 ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்படுவது கதையின் முக்கியத் திருப்பம். ரங்கன் வாத்தியார் திமுககாரர். படத்தில் எம்.ஜி.ஆர் கட்சிக்கு நல்ல பெயர் இல்லை என்பது அவரது வருத்தம். குத்துச்சண்டைக்கும் எம்.ஜி.ஆருக்கும் தொடர்பு உண்டு என்பதும் உண்மைதான். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் கண்காட்சிப் போட்டி ஆடியபோது முதல்வராக இருந்தவர் எம்.ஜி.ஆர்.

இதைக் கட்சி அறிக்கையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். 'எங்க ஆளைக் கதையில் சரியாகக் காட்டல' என்பது ரசிகர் மொழி. ராயபுரத்தில் எம்.ஜி.ஆர் மன்றக் காலத்திலிருந்து பேசப்பட்டு வரும் மொழி. எது வரலாறு, எது கதை, யாருக்கு எவ்வளவு இடம் என்ற வாதம் இங்கே அரசியலிலும் சினிமாவிலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. கவனிக்க வேண்டியது, அந்த வாதம் படத்தோடு நின்றது. நடித்தவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அப்போ எல்லை எங்கே?

ரசிகர் கூட்டத்துக்குள் எழுதி வைக்காத சில பழக்கங்கள் இருக்கின்றன. ஒரு ஜோடியைக் கொண்டாடும் பதிவுக்குக் கீழே போய் 'இது கேவலமான ஜோடி' என்று எழுதாதே, தனியாக எழுது. அடுத்தவர் போட்ட எடிட்டை எடுத்தால் பெயர் போடு. ஓடிடியில் வந்த அன்றைக்கே யார் சாகிறார் என்று ஸ்டேட்டஸ் வைக்காதே. இதெல்லாம் மீறினால் எரிச்சல் வரும், பிளாக் விழும், அதோடு போகும். பெரிசா கவலைப்பட ஒன்றும் இல்லை.

கவலைப்பட வேண்டியது, கோபம் கதாபாத்திரத்திலிருந்து நடித்தவர் மேல் தாவும்போது. சீரியலில் மாமியாராகவோ வில்லியாகவோ நடித்தால் நிஜப் பக்கத்தில் வசவு விழுவது நம் வீட்டு டிவிக்குப் பழகிப்போன கதை. ஜோடி விஷயத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போகும். திரையில் ஜோடியாக வந்தவர்கள் நிஜத்திலும் சேரணும் என்று எதிர்பார்ப்பது, சேராவிட்டால் நிஜ மனைவியையோ கணவரையோ திட்டுவது.

ரியாலிட்டி ஷோ வந்த பிறகு கோடு மொத்தமாக அழிந்தது. 2017-ல் பிக் பாஸ் முதல் சீசனில் 'ஓவியா ஆர்மி' உருவானபோது ஊரே ரசித்தது. ஆனால் ஓவியாவுக்கு எதிராகப் பேசியவர்கள் என்று ஜூலி போன்றவர்களை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்த பிறகும் விடாமல் கேலி செய்தார்கள். 2019-ல் மூன்றாவது சீசனில் கவின்-லாஸ்லியாவை 'கவிலியா' என்று ஒரே பெயராக்கிக் கொண்டாடினார்கள். ராஜன்-சந்திராவுக்கு எழுத்தாளர் உண்டு, வசனம் உண்டு. கவினுக்கும் லாஸ்லியாவுக்கும் இருந்தது சொந்த வாழ்க்கை, வீட்டில் அப்பா அம்மா. கதாபாத்திரத்துக்கு வலிக்காது. இவர்களுக்கு வலிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. கதாபாத்திரத்தைப் பிடிக்கவில்லை என்று எவ்வளவு காட்டமாக எழுதினாலும் அது குற்றம் இல்லை. 'மனசு புண்படும்படி' இணையத்தில் எழுதினாலே கைது என்றிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆனால் ஆபாசமாக எதையாவது பதிவிட்டால் அதே சட்டத்தின் 67-வது பிரிவு பாயும். ஒரு பெண்ணை விடாமல் இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78, பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பேச்சுக்கு 79. 'ஃபேன் சண்டைதானே சார்' என்று ஸ்டேஷனில் சொன்னால் எடுபடாது. பாதிக்கப்பட்டவர் நடிகையாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்களோடு வாதாடிய கல்லூரி மாணவியாகவும் இருக்கலாம். தொல்லை வந்தால் ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ சொல்லலாம்.

'அரசன்' சண்டையில் என்ன நடந்தது?

மறுபடி 2025-க்கு வருவோம். 'வடசென்னை' உலகத்தில் சிம்பு படம் என்ற செய்தி கசிந்ததும், உரிமைக்காகத் தனுஷ் கோடிக்கணக்கில் பணம் கேட்டார் என்ற வதந்தி பரவியது. இரண்டு ரசிகர் படையும் களத்தில் இறங்கியது. வெற்றிமாறன் வீடியோவில் வந்து பேசினார். தனுஷ் பணம் எதுவும் கேட்கவில்லை, தடையில்லாச் சான்று கொடுத்தார் என்றார். இது 'வடசென்னை 2' இல்லை, அதே உலகத்தில் நடக்கும் வேறு கதை. அன்புவின் கதையைத் தொடர்ந்தால் தனுஷ்தான் அன்பு என்றும் தெளிவாகச் சொன்னார்.

இதற்குள் ஒரு பழைய கதையும் இருக்கிறது. 2010-களின் தொடக்கத்தில் 'வடசென்னை' பேசப்பட்டபோது நாயகனாகச் சொல்லப்பட்டவர் சிம்புதான். ராஜன் வேடத்துக்கும் முதலில் தேர்வானவர் விஜய் சேதுபதி. அவர் விலகிய பிறகே அமீர் வந்தார். அதாவது இன்றைக்கு 'எங்க அன்பு', 'எங்க ராஜன்' என்று மல்லுக்கட்டும் முகங்கள், கொஞ்சம் தேதி மாறியிருந்தால் வேறு முகங்களாக இருந்திருக்கும். அப்போதும் இதே தீவிரத்தோடுதான் சண்டை போட்டிருப்போம்.

ப்ரோமோவிலேயே வெற்றிமாறன் ஒரு குறும்பு செய்திருந்தார். சிம்புவின் கதாபாத்திரம், தன் கதையைப் படமாக எடுக்க வந்த இயக்குநரிடம் தனுஷை நடிக்க வைக்கும்படி சொல்லும். இயக்குநராக வருபவர் நெல்சன். இரண்டு தரப்பும் சிரித்தது. அன்றைக்கு ராத்திரி மட்டும் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. மறுநாள் காலையில், ராஜனும் இந்த அரசனும் ஒரே காலத்து ஆட்களா, நேருக்கு நேர் நின்றால் யார் கை ஓங்கும் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

'சார்பட்டா' பக்கமும் சும்மா இல்லை. இரண்டாம் பாகம் வரும் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து கபிலன் கட்சி கேட்பது, அடுத்த எதிராளி யார்? ரோஸ் கட்சிக்கு அதில் அக்கறை இல்லை. இந்த முறையும் ரோஸ் தோற்றாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை ரிங்குக்குள் இறக்கிவிடுங்க என்பதுதான் அவர்கள் மனு. மாரியம்மாவுக்கு இந்தத் தடவை என்ன கதை என்று கேட்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனா கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.